எக்காளத்தில் ஓர் ஓட்டை

கண்ணாடிப் பேழை பூட்டியபடியே இருந்தது. பூட்டு உடைபடவில்லை, கண்ணாடியில் கீறல் இல்லை, உள்ளே விரித்திருந்த சிவப்பு வெல்வெட்டில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. அதன்மேல் ஆண்டாண்டாய்க் கொலுவிருந்த எக்காளத்தை மட்டும் காணவில்லை.

"திருடன் நல்லா வளர்த்த பிள்ளை போல, அண்ணி," என்றான் கொழுந்தன். "எடுத்துட்டு மறுபடியும் பூட்டிட்டுப் போயிருக்கான். நம்ம வீட்டு அலமாரியை நான் ஒரு நாளாவது பூட்டியிருக்கேனா?"

"அதுல உன் அழுக்குச் சட்டையைத் தவிர திருட என்ன இருக்கு தம்பி? கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்குது."

துப்பறிவதையே தொழிலாகக் கொண்ட அந்த அம்மையாரை, கணவரின் தம்பியும் கைத்துணையுமான அவன் அழைத்து அழைத்து, காவல் நிலையம் முதல் நீதிமன்றம் வரை எல்லோருமே ‘அண்ணி’ என்றே அழைக்கத் தொடங்கியிருந்தனர். அப்படி முறை சொல்லி அழைத்தவர்களில் சிலரை அவர் முறைப்படியே சிறைக்கும் அனுப்பியிருந்தார்.

பேழையின் காலடியில் பித்தளைச் சட்டமிட்ட விளக்க அட்டை ஒன்று மின்னியது. அண்ணி குனிந்து படித்தார்.

‘குன்றுப் போரின் முதற்குண்டு இந்த எக்காளத்தைத் துளைத்து, ஊத நின்ற வீரனின் மார்பில் பாய்ந்தது. படை கலங்கியது. அஞ்சா நெஞ்சர், ஆற்றல் மறவர், நம் மாபெரும் தளபதி, இடக்கையில் கொடியை உயர்த்தி, வலக்கையில் இதே எக்காளத்தை ஏந்தி, உச்சியை எட்டும்வரை தாமே ஊதி முழங்கிப் படையை நடத்தினார்.’

உயிரோடு திரும்பியவருக்கு மூன்று அடைமொழிகள். உயிரை விட்டவனுக்கு ஒரு பெயர்கூட இல்லை. போர் அருங்காட்சியகம் என்று வாசலில் எழுதியிருந்தார்கள். உள்ளே இருந்ததோ ஒரு குடும்பத்தின் ஒப்பனை அறை!

அந்தக் குடும்பத்தின் இன்றைய திருவுருவம் இப்போது காலணி ஒலிக்க உள்ளே நுழைந்தது. தளபதியின் மகன், அருங்காட்சியகத்தின் தலைவர். போர்முனையை அவர் இந்தக் கண்ணாடிகள் வழியாகத்தான் பார்த்திருக்கிறார். ஆயினும் தந்தை பெற்ற பதக்கங்களைத் தனயன் மார்பிலே குத்திக்கொண்டு வந்திருந்தார். அன்று மாலை தளபதியின் சிலைத் திறப்பு, அமைச்சர் வருகிறார். வலப்புறம் அருங்காட்சியகக் காப்பாளர், இடப்புறம் காவல் ஆய்வாளர், பின்னால் சீருடையில் தலை கவிழ்ந்தபடி அந்த அறையின் காவலர்.

"யாரு இவங்களை உள்ள விட்டது?" என்றார் தலைவர்.

"டிக்கெட் வாங்கிட்டுத்தான் சார் வந்தோம்," என்று கொழுந்தன் சீட்டை நீட்டினான். அதில் அச்சிட்டிருந்ததும் எக்காளத்தின் படமே. "பொருளைக் காட்டாம டிக்கெட் வித்தா, அதுக்கும் ஒரு வழக்கு இருக்கு, இல்ல அண்ணி?"

"இந்தக் காவலரோட மனைவி எங்களைக் கூப்பிட்டாங்க," என்றார் அண்ணி. "உங்க உணவகத்துல வேலை செய்யறவங்க."

"ஓ! புருஷன் எடுப்பான், பொண்டாட்டி ஆள் வெச்சுத் தேடுவாளா? விசாரிக்க என்னம்மா இருக்கு? சாவி இவன்கிட்ட. பொருளைக் காணோம். முடிஞ்சுது!"

சொன்ன கையோடு, காவலரின் இடுப்பு வாரில் தொங்கிய சாவிக்கொத்தைப் பற்றி வெடுக்கென்று இழுத்தார். கொத்தை மாட்டியிருந்த தோல் வளையம் கிழிந்து தொங்கியது. காவலர் தலைவரைப் பார்க்கவில்லை. கிழிந்த வளையத்தைப் பார்த்தார்.

"நான் எடுக்கலைங்க ஐயா."

"அதை லாக்கப்ல சொல்லு. ஆய்வாளர் சார், அமைச்சர் கிளம்பின உடனே இவனைக் கூட்டிட்டுப் போங்க. அதுக்கு முன்னாடி போலீஸ் வண்டி வாசல்ல நின்னா விழாவுக்கு அசிங்கம். குடும்பத்தை நாளைக்கே குடியிருப்புலேர்ந்து காலி பண்ணச் சொல்லுங்க."

ஒருவனைச் சிறைக்கு அனுப்புவது அசிங்கமில்லை; அதற்கான வண்டி வாசலில் நிற்பதுதான் அசிங்கம்! எத்தனை நாகரிகமான மனிதர்!

"இந்தப் பேழைக்கு எத்தனை சாவி?" என்று கேட்டார் அண்ணி.

"ரெண்டு. ஒண்ணு இவன்கிட்ட இருந்தது. இன்னொண்ணு என் அறைப் பெட்டகத்துல."

"அப்ப ரெண்டு பேர்."

தலைவரின் முகம் சிவந்தது. "என்னம்மா சொல்றீங்க?"

"ஒண்ணும் சொல்லலை சார். எண்ணிப் பாத்தேன்."

ஒரே பூட்டு, ஒரே வெட்டில் செய்த இரண்டு சாவிகள். ஏழையின் இடுப்பில் தொங்கியதால் ஒன்று குற்றவாளி. செல்வரின் பெட்டகத்தில் உறங்கியதால் மற்றொன்று உத்தமன். இரும்புக்கும்கூட இந்த நாட்டில் இரண்டு நீதி!

தலைவரின் காலணியொலி தேய்ந்ததும் ஆய்வாளர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், ஒரு விஷயம். அமைச்சர் வர்றதால நேத்துக் காலையிலேர்ந்தே எல்லா வாசல்லயும் சோதனைக் கருவி. ஒரு ஆணி வெளிய போனாலும் கத்தும். நேத்து சாயங்காலம் மூடும்போது எக்காளம் இருந்துச்சு, காலையில இல்ல."

"அப்ப இங்கதான் இருக்கு."

"கொட்டிக் கவிழ்த்துத் தேடிட்டோம். உணவகத்து மாவு டப்பாவைக்கூட விடலை."

அண்ணியும் கொழுந்தனும் கூடம் கூடமாக நடந்தார்கள். தளபதி சாய்ந்த நாற்காலி. தளபதி முகம் மழித்த கண்ணாடி. தளபதியின் குதிரைக்கு லாடம் அடித்த சுத்தியல். அதற்கென்று தனி மேடை, தனி விளக்கு. கடைசிக் கூடத்தின் மூலையிலே, கழிவறைக்குப் போகும் வழியிலே, தூசி படிந்த ஒரே அலமாரியில், பெயரற்றவர்களின் உடைமைகள் குவியலாய்க் கிடந்தன. ஓரத்தைக் கல்லில் தீட்டிக் கத்தியாக்கிய ஒரு கரண்டி. ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி உள்ள மூக்குக்கண்ணாடி. நான்கைந்து பல் மிஞ்சிய சீப்பில் இன்னும் சிக்கியிருந்த மயிரிழைகள். அலமாரிக்கு மேலே ஒரே சொல்: ‘பலவகை’.

"சீப்புக்காரன் செத்தா பலவகை," என்றான் கொழுந்தன். "குதிரை செருப்பு போட்டா வரலாறு."

அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் கேலி செய்யும் குரலில் கேலி இல்லாத நேரங்களை அவர் அறிவார்.

நடுக்கூடத்தில், மாலையில் திறக்கப்படவிருந்த சிலை, உச்சி முதல் பீடம் வரை வெண்பட்டுத் திரையால் மூடப்பட்டு நின்றது. காப்பாளர் அதனருகே நின்று மாலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய முதுகெலும்பு, வளைவதற்கென்றே படைக்கப்பட்டது போன்றது.

"என்ன சிலை சார்?" என்றார் அண்ணி.

"சுதைச் சிலை மேடம். தங்கப் பூச்சு. ஒரு கையில கொடி, ஒரு கையில எக்காளம். அட்டையில இருக்கிற மாதிரியே. சிற்பி போன மாசமே முடிச்சுக் கொடுத்துட்டு ஊருக்குப் போயிட்டார்."

கொழுந்தன் திரையை அண்ணாந்து பார்த்தான். முகம் இருக்க வேண்டிய உயரத்தில், வெண்பட்டிலே மஞ்சளாய் ஒரு கறை கசிந்திருந்தது.

"அண்ணி, தளபதிக்கு ஜலதோஷம். மூக்கு ஒழுகுது பாருங்க."

"கிட்டப் போகாதீங்க தம்பி!" என்று காப்பாளர் பதறினார். "அமைச்சர் கை பட்டுத்தான் திரை விலகணும். காலையில போலீஸ்காரங்களைக்கூட நான் தொட விடலை."

உணவகத்தில் காவலரின் மனைவி கண்ணாடிக் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கை வேலையைச் செய்தது. கண் வாசலையே பார்த்தது.

"சாயங்காலம் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம், தெரியுமாம்மா?" என்றார். "அவரு வீட்டு மாத்திரையை எங்க வெச்சேன்னு மறக்கிற மனுஷன். ஆனா அந்தச் சாவிக்கொத்தை இத்தனை வருஷத்துல ஒரு தடவை கீழ வெச்சதில்ல. தூங்கறப்பகூட இடுப்புல இருக்கும். ஜெயிலைவிட அந்த வளையத்தைக் கிழிச்சாங்களே, அதைத்தான் தாங்க முடியலைங்கறார்."

அண்ணி தலையசைத்தார். கொழுந்தனோ குளிர்பானப் புட்டியில் காகிதக் குழலைச் செருகி முழு மூச்சாய் உறிஞ்சிக்கொண்டிருந்தான். கன்னங்கள் ஒட்டின; கண்கள் பிதுங்கின; புட்டியில் ஒரு சொட்டும் குறையவில்லை.

"என்னக்கா இது? ஸ்ட்ரா உறிஞ்ச உறிஞ்ச வெறுங்காத்துதான் வருது."

"எங்க, காட்டுங்க. அட, நடுவுல கிழிஞ்சிருக்கு தம்பி. ஓட்டை வழியா காத்து போயிடுது. வேற தரேன்."

"அதைத் தூக்கிப் போடாதீங்க!" என்றார் அண்ணி.

கிழிந்த குழலை வாங்கி மேசைமேல் வைத்தார். அதன் பக்கத்தில், கொழுந்தன் சட்டைப்பையிலிருந்து நுழைவுச் சீட்டை எடுத்து வைத்தார். சீட்டில் எக்காளம் பளபளத்தது. அதன் முன் வளைவில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு, குண்டு துளைத்த வட்டம், இப்புறத்திலிருந்து அப்புறம் வரை.

"தம்பி, நீ இப்ப உறிஞ்சின. ஊதியிருந்தா?"

"அப்பவும் காத்துதான்..." கொழுந்தனின் வாய் மூட மறந்தது. "அண்ணி! குண்டு துளைச்ச பிறகு எப்படி ஊதினார்?"

எத்தனை ஆயிரம் பேர் அந்த அட்டையைப் படித்திருப்பார்கள்! ஆசிரியர்கள் மாணவர்களை வரிசையில் நிறுத்தி உரக்கப் படிக்க வைத்திருப்பார்கள். ஓட்டை கண்ணுக்கு எதிரே இருந்தது. ஊதினார் என்ற சொல்லும் அதற்குக் கீழேயே இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் சிறிய உழைப்பை மட்டும் ஒருவரும் செய்யவில்லை. பொய்யைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. பித்தளைச் சட்டம் போட்டுப் பார்வைக்கு வைத்துவிட்டால் போதும்!

"சரி, பொய்யாவே இருக்கட்டும்," என்றான் கொழுந்தன். "இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த பொய், நேத்து எதுக்கு எழுந்து ஓடணும்?"

"அதைத்தான் கேக்கப் போறேன்."

தேநீருக்காக வந்த காப்பாளரை அண்ணி தம் மேசைக்கே அழைத்தார். "இன்னிக்கு விழாவுல எக்காளத்துக்கு ஏதாவது வேலை இருந்துச்சா சார்?"

"வேலையா! அதுதான் மேடம் விழாவோட சிகரமே. திரை விலகற நேரத்துல ராணுவ வாத்தியக்குழுத் தலைவர் அந்த அசல் எக்காளத்தையே எடுத்து ஊதணும்! என்னோட யோசனைதான்." அவர் மார்பு சற்றே புடைத்தது. "நேத்து மதியம் அமைச்சர் அலுவலகத்துலேர்ந்து ஒப்புதல் வந்துச்சு. ஐயாகிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். சந்தோஷத்துல அவருக்குப் பேச்சே வரலை."

"வராது," என்றார் அண்ணி. "எப்படி வரும்!"

காப்பாளர் போனதும் கொழுந்தன் மேசையில் தாளம் போட்டான். "காக்கா பிடிக்கப் போய் கழுத்தையே பிடிச்சிருக்கார் மனுஷன்! சரி அண்ணி, ஏன்னு தெரிஞ்சுபோச்சு. எங்கன்னு தெரியலையே? மாவு டப்பா வரைக்கும் பாத்துட்டாங்க."

"இந்தக் கட்டடத்துல போலீஸ் கை வைக்காத இடம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. நீதான் அதைப் பாத்துச் சிரிச்ச." அண்ணி எழுந்தார். "போன மாசம் பூசின தங்கம் இன்னிக்கு ஒழுகுமா தம்பி?"

மாலை வந்தது, அமைச்சரும் வந்தார், மாலைகள் விழுந்தன. தலைவர் தந்தையின் பதக்கங்களோடு ஒலிபெருக்கி முன் நின்று, களவுபோன குலச்சொத்துக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கைக்குட்டை நனையவில்லை. "வீரம் எங்கள் ரத்தத்தில் ஓடுகிறது!" என்றார். ஓடியது வீரம்தானா என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஆளில்லை. கடைசி வரிசையில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே அறைக்காவலர் நின்றிருந்தார். சற்றுத் தள்ளி அவர் மனைவி.

அமைச்சர் கயிற்றை இழுத்தார். வெண்பட்டுச் சரிந்தது; ஒரே ஓரிடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு, பிறகு பிரிந்தது. தங்கத் தளபதி தோன்றினார்: இடக்கையில் கொடி, வலக்கையில் எக்காளம், உதட்டில் வைத்தபடி. கூட்டம் கைதட்டியது.

"ஒரு சின்ன விண்ணப்பம்!" அண்ணியின் குரல் கைதட்டலைக் கிழித்தது. "அசல் எக்காளம்தான் இல்லை. வாத்தியக்குழுத் தலைவர் வந்தது வீணாகக்கூடாது. இந்தச் சிலை கையில இருக்கே, அதையாவது ஊதிக் காட்டட்டுமே!"

கூடமே சிரித்தது. அமைச்சர் சிரித்தார், அவர் சிரித்ததால் காப்பாளரும் சிரித்தார். சுதையில் செய்த எக்காளத்தை யாரம்மா ஊதுவது? வாத்தியக்குழுத் தலைவர் புன்னகையோடு வேடிக்கையாய்ச் சிலையை நோக்கிக் கை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்று அலறினார் அருங்காட்சியகத் தலைவர். "பூச்சு இன்னும் காயலை!"

சிரிப்பு நின்றது.

"போன மாசம் முடிஞ்ச சிலை சார்," என்றார் அண்ணி. "எந்தப் பூச்சு காயலை? அது உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

தலைவரின் உதடுகள் அசைந்தன; ஒலி எழவில்லை. தந்தை வழி வந்த ஊதல்!

கொழுந்தன் ஒரே தாவலில் பீடத்தின் மேல் இருந்தான். ஒரு முறுக்கு, ஓர் இழுப்பு. சுதைத் துகள் உதிர, தளபதியின் கையிலிருந்து எக்காளம் கழன்று வந்தது. பீடத்தில் அதைத் தட்டினான், கணீரென்றது. "சுதைக்கு இப்படிச் சத்தம் வராது அமைச்சர் சார். சிற்பி செஞ்ச நிஜமான பொம்மை இதோ, பீடத்துக்குப் பின்னாடி உடைஞ்சு கிடக்கு."

ஈரத் தங்கம் அவன் விரல்களில் ஒட்டியது. முன் வளைவில் நகத்தால் சுரண்டினான். அடைத்திருந்த மக்குச் சாந்து பெயர்ந்து விழுந்தது. ஓட்டை கண் திறந்தது.

"இப்ப ஊதுங்க," என்றார் அண்ணி.

வாத்தியக்குழுத் தலைவர் ஊதினார். வாழ்நாளெல்லாம் ஊதிய நெஞ்சு. மூச்சு முழுவதையும் கொடுத்து ஊதினார்.

"புஸ்ஸ்ஸ்."

பழக்கத்தின் கொடுமையைப் பாருங்கள்: முன்வரிசை கைதட்டியது!

"எங்கப்பா... எங்கப்பா ஓட்டையை விரலால அடைச்சுக்கிட்டு ஊதினார்!" என்று தலைவர் கூவினார்.

"எந்தக் கை விரலால?" அண்ணி சிலையை நோக்கிக் கை நீட்டினார். "இடக்கையில கொடி. வலக்கை பின்னாடி பிடியில. ஓட்டை முன் வளைவுல. நீங்க எழுதின அட்டை, நீங்க வெச்ச சிலை. மூணாவது கை எங்க சார்?"

"இருந்திருந்தா அதையும் கண்ணாடிக்குள்ள வெச்சிருப்பாங்க அண்ணி," என்றான் கொழுந்தன், "தனி விளக்கு போட்டு!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது அடுத்த வரிசைக்குப் பரவியது. அதற்கடுத்த வரிசைக்கும் பரவியது. அந்த மண்டபத்தில் முதன்முறையாக எக்காளம் எழுந்தது, மனிதத் தொண்டைகளிலிருந்து.

"இதை ஊத முடியாதுங்கறது ஊதிப் பாத்தவருக்குத்தான் தெரியும்," என்றார் அண்ணி தணிந்த குரலில். "சின்ன வயசுல ஊதிப் பாத்திருக்கீங்க. இல்லையா?"

தலைவர் பீடத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டார். "எட்டு வயசுல," என்றார். "அப்பா அறைஞ்சார். ஏன் அறைஞ்சார்னு அப்புறம்தான் புரிஞ்சுது."

"புரிஞ்ச பிறகும் அட்டையை மாத்தலை. ஊதினது அந்தப் பேர் இல்லாத பையன். ஊதிக்கிட்டே இருக்கும்போதுதான் குண்டு வந்திருக்கு. அவன் மூச்சைத் திருடினது உங்கப்பா. அந்தத் திருட்டைக் காப்பாத்த இன்னொரு மனுஷனைத் திருடனாக்கினது நீங்க."

அமைச்சர் எப்போதோ வாசலை அடைந்திருந்தார். அவர் கார் கிளம்பும் ஓசை கேட்டது. காப்பாளர் எந்தப் பக்கம் வளைவதென்று தெரியாமல் நெட்டுக்குத்தாய் நின்றார். அந்த நிலை அவருக்கே புதிது.

ஆய்வாளர் கடைசி வரிசைக்கு வந்து, அறைக்காவலரின் தோளில் கை வைத்தார். "நீங்க வீட்டுக்குப் போலாம்பா. மன்னிச்சுக்குங்க."

காவலர் வீட்டுக்குப் போகவில்லை. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நேராய் நடந்து மேடைக்கு வந்தார். மனைவி பின்னால் வந்தார். தலைவர் காவலரைக் கண்டு, சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை அவசரமாய் எடுத்து நீட்டினார்.

"இந்தா, பிடி."

காவலர் கை நீட்டவில்லை. இடுப்பைச் சற்றே திருப்பினார். கிழிந்த வளையத்தை மனைவி கறுப்பு நூலால் தைத்துக் கொடுத்திருந்தார். தையல் பளிச்சென்று தெரிந்தது.

"பிடுங்கின இடத்துலயே மாட்டுங்க ஐயா."

தலைவர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் சிலையைப் பார்த்தார். தலைவர் காப்பாளரைப் பார்த்தார், காப்பாளர் கூரையைப் பார்த்தார்.

தந்தையின் பதக்கங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலக்க, தலைவர் குனிந்தார்.